கறுப்புப் பந்தை எடுக்கும் நேரம்

துறைமுகச் சாலையில், கருவாட்டுக் கிடங்கின் மாடியில் உள்ள காசிலிங்கத்தின் பில்லியர்ட்ஸ் கூடத்தில், ஆண்டுப் போட்டியில் தோற்றவருக்கு அடுத்த ஆண்டுக் குலுக்கல் வரை கதவு இருப்பதில்லை. மற்றவர்கள் திறந்து போய்வரும் அதே இடத்தில் அவருக்குச் சுண்ணாம்படித்த சுவர்தான் இருக்கும். தட்டினால் சுவரின் ஓசையே கேட்கும். அச்சுவரும் தோற்றவுடன் எழுவதில்லை. கடைசியாக மேசைக் குழியில் விழுந்து ஆட்டத்தை முடித்த கறுப்புப் பந்தை நடுவர் வெளியே எடுக்கும் கணத்தில்தான் எழும். ஆகவே, தோற்றவர் படியிறங்கி, அவருடைய செருப்பொலி தெருவை அடைந்த பின்னரே பந்தை எடுப்பது என்னும் வழக்கம் ஏற்பட்டது. நாசரேத்தில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நடுவர் எஸ்றா, அவ்வொலிக்காகக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

யாருக்கு எதிரே யார் என்பதை முத்துச்சிப்பி தீர்மானித்தது. பெயர்ச் சீட்டுகளைப் பதினாறு சிப்பிகளில் இட்டு, நூலால் கட்டி, உப்புச் சாக்கில் குலுக்கி, இரண்டிரண்டாக எடுப்பார்கள். ஆள் குறைந்த ஆண்டுகளில் சில சிப்பிகள் வெறுமையாக இருக்கும். வெறுஞ்சிப்பி எதிரே வாய்த்தவர் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போய்விடுவார். பிளக்காத சிப்பியைக் குவியலாக ஏலம் எடுத்துப் பழகிய கரையில் இதனை யாரும் அநீதி என்று கருதவில்லை. 2016 முதல் 2022 வரை, கொள்ளைநோயால் போட்டி நடைபெறாத ஓராண்டு நீங்கலாக, ஆறு குலுக்கல்களிலும் துறைமுகத்தில் கிரேன் இயக்கும் ரோச்சுக்கு முதல் சுற்றிலேயே ஷாம் வாய்த்தார். ஷாமை ஊரில் வென்றவர் இல்லை. ரோச்சை ஷாமைத் தவிர வென்றவர் இல்லை. ஆறு முறையும் ரோச் காலை பத்து மணிக்கே வெளியேறினார். வெறுஞ்சிப்பியால் மேலேறியவர்கள் மாலையில் இரண்டாம் பரிசு பெற்றார்கள். எஸ்றா இதற்கான வாய்ப்பைக் கணக்கிட்டு, ஒரு கோடியே பதின்மூன்று லட்சத்துச் சொச்சத்தில் ஒன்று என்று கண்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஷாமை வெல்ல வேண்டும் என்று ரோச் கேட்கவில்லை. தாம் இரண்டாமவர் என்பதை ஊர் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்பதே அவருடைய ஆசை. கன்டெய்னர்களை இறக்கும்போதும் கோணம் பார்த்துக்கொள்வார். வேலை முடிந்ததும் கூடத்து மாடிக்கு ஏறிச் சுவரைத் தொட்டுவிட்டு வருவார்.

"வருசம் பூரா சொவத்தத் தடவிட்டு வாரீக, ஒரு வாட்டி சுண்ணாம்பாவது அடிச்சுட்டு வாங்களேன்" என்றார் அவர் மனைவி ஞானபாய்.

தம்மையும் ஷாமையும் ஆளுக்கொரு பக்கமாக வைத்துவிடலாமே என்று ரோச் ஒரு முறை கேட்டுப் பார்த்தார். காசிலிங்கம் சாக்கை உதறினார்.

"சிப்பிக்குள்ள கைய விட்டு மாத்தச் சொல்லுதீரா? பொறவு முத்தையும் நாமளே செஞ்சு உள்ள வச்சிரலாம்வே."

2023இல் எஸ்றா தாளை எடுத்துக் காட்டியதும் காசிலிங்கம் இறங்கிவந்தார். இனி இரண்டு முறை தோற்றால்தான் வெளியேற்றம். முதல் தோல்விக்கு முன்கதவு மட்டும் மறையும். தோற்றவர் கிடங்குப் பக்கத்து இரும்புப் படி வழியாக வந்து, தோற்றவர்களோடு ஆடி மேலேறலாம். அவ்வாண்டு பதினாறு சிப்பியிலும் பெயர் இருந்தது. ரோச்சுக்கு ஷாம் வாய்த்தார். ரோச் தோற்றார், முன்படியில் இறங்கி, கருவாட்டு மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு, இரும்புப் படியேறி வந்தார். தொடர்ந்து ஆறு பேரை வென்றார். இறுதி ஆட்டத்தில் ஷாமையும் வென்றார். ஷாமுக்கு அது முதல் தோல்வி என்பதால், விதிப்படி இன்னோர் ஆட்டம் ஆட வேண்டியிருந்தது. அதில் கறுப்புப் பந்து ஒன்றே எஞ்சியிருந்தபோது ரோச் அடித்த வெள்ளைப் பந்து அரை விரற்கடை விலகியது. ஷாம் முடித்தார்.

வழக்கப்படி ரோச் உடனே இறங்கியிருக்க வேண்டும். ஆனால் ஷாம் குச்சியைப் போட்டுவிட்டு அவரைக் கட்டிக்கொண்டார். "யண்ணே, இனிமே முத ஆட்டத்துல ஒம்ம மூஞ்சியப் பாக்கவே பயமா இருக்கும்ண்ணே!" நாற்காலிகள் மேல் நின்றவர்கள் கைதட்டினார்கள். "ரெண்டாமத்த ஆட்டக்காரன் நீருதாம்வே, இனி எவன் கேப்பான்!" என்று காசிலிங்கம் கத்தினார். ஞானபாயிடம் செய்தி சொல்ல இருவர் ஓடினார்கள். அவர்களுடைய செருப்பொலி தெருவை அடைந்ததும் எஸ்றா பழக்கத்தில் பந்தை எடுத்தார்.

ரோச் திரும்பியபோது இரும்புப் படிக் கதவும் மறைந்து, நான்கு பக்கமும் சுவர் இருந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சுவருக்குள் நடந்து போனார்கள். ஞானபாய் நாளும் இரு வேளை சுவரிலிருந்து வந்து, சோறு வைத்துவிட்டு, சுவருக்குள் திரும்பினார். விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் என்னும் இடத்தில் கதவில்லை என்று எழுதப்பட்டது, அது ஏற்கப்பட்டது. கப்பலின் சங்கு ஒலிக்கும்போது, அதை எந்தக் கப்பல்தளத்தில் கட்டுகிறார்கள் என்று ரோச் சரியாகச் சொன்னார். எஸ்றா ஒவ்வொரு மாலையும் வந்து அவரோடு ஆடித் தோற்றார். மன்னிப்பை எப்படித் தொடங்குவது என்று தெரியாததால் அவர் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டுக் குலுக்கலன்று காலையில் ஞானபாய் ரோச்சின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"கதவு தெரியுதா?"

"தெரியுது. வெயிலுகூடத் தெரியுது."

"அப்ப வாங்க."

"சிப்பியப் பிரிக்கட்டும், ஞானம். யாருன்னு மட்டும் பாத்துக்கிடுதேன்."

ரோச்சுக்கு எதிரே வாய்த்த சிப்பியின் நூலை எஸ்றா அறுத்துச் சீட்டை விரித்தார். ஷாமின் பெயர் இருந்தது. ரோச் சுண்ணக்கட்டியை எடுத்துக் குச்சியின் நுனியில் தேய்த்தார். ஞானபாய் செருப்பை வாசலுக்கு உட்புறமாக, சோடியாக வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

இப்போதும் தோற்றவர்களின் செருப்பொலி தெருவை அடையும்வரை எஸ்றா காத்து நிற்கிறார். ரோச் தோற்றால் மட்டும், அவர் செருப்பின் பக்கம் போவதில்லை என்பதால், காத்திராமல் பந்தை எடுத்துவிடுகிறார்.