மூன்று தடவையும் பதினான்கு

பத்து மணிக்கு வரப்போகிறவளுக்காக எட்டரைக்கே குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டுவிட்டார் நேர்முள். ஐந்து பொத்தான்களையும் வலது கையாலேயே போட்டார். பக்கவாதம் வந்த கை அது. ஏழு மாதங்களுக்கு முன்பு யாருடையதோ போலத் தோளில் தொங்கிக்கொண்டு கூடவே வந்த கை. கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு மேலே இருந்த இரண்டு பொத்தான்களைத் தானே கழற்றினார். அவள் வந்து, "பொத்தான் போட இன்னும் வரலையா சார்?" என்று கேட்டபடி போட்டுவிட வேண்டும். அதற்குத்தான்.

நேர்முள் என்பது லாரிக்காரர்கள் வைத்த பெயர். முப்பத்தோரு வருடம் லாரிகளை எடை போடும் மேடையில் உட்கார்ந்த மனிதர். எடையைக் குறைத்துக் காட்ட ஓட்டுநர்கள் ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே நிறுத்திவிட்டு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி பீடி பற்றவைப்பார்கள். இவர் ஜன்னல் வழியே தலையை மட்டும் நீட்டி, "வண்டியை இன்னும் கொஞ்சம் முன்னாடி எடுப்பா" என்பார். கெஞ்சினாலும் மிரட்டினாலும் அவரிடம் பாச்சா பலிக்காது. முள் காட்டியதைத்தான் எழுதுவார். அப்பேர்ப்பட்டவர் ஐந்து வாரமாக ஒரு பெண்ணை ஏமாற்றிக்கொண்டிருந்தார்.

அவள் மறுவாழ்வு மையத்திலிருந்து வருகிற பிசியோ. திங்கள், புதன், வெள்ளி, ஒரு மணி நேரம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழ வேண்டும். மணல் நிரப்பிய பாட்டிலைத் தோள் உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஜன்னல் கம்பியில் கட்டிய ரப்பர் பட்டையை இழுக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு தன் இரண்டு விரல்களை அவர் உள்ளங்கையில் வைத்து, "இறுக்கிப் பிடிங்க சார்" என்பாள். ஆரம்பத்தில் பிடித்தால் விடத் தெரியாது அந்தக் கைக்கு. அவள்தான் சுண்டு விரலில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பாள். "எல்லாருக்கும் இப்படித்தான் சார். முதல்ல பிடி வந்துரும். விடறதுக்குத்தான் நாளாகும்" என்பாள். அவர் மனைவி போய் நான்கு வருடமாகிறது. அதற்குப் பிறகு அவள் வரும்வரை, ஆஸ்பத்திரியில் தொட்டதையும் மீதிச் சில்லறை கொடுக்கும்போது கடைக்காரர் விரல் பட்டதையும் தவிர, வேறு மனிதத் தொடுகையே அவருக்கு வாய்க்கவில்லை. இதை நினைத்தாலே அவருக்கு வெட்கமாகவும் அழுகையாகவும் வரும்.

கையின் பிடியை அளக்க அவளிடம் ஒரு கருவி இருந்தது. வட்டமான முகம், உள்ளே சிவப்பு முள். வாரக் கடைசியில் மூன்று தடவை அழுத்தச் சொல்லி எழுதிக்கொள்வாள். "மூணு தடவையும் இருபது கிலோவைத் தொட்டுட்டீங்கன்னா அப்புறம் நான் வர வேண்டியதே இல்ல சார். நீங்களே பண்ணிக்கலாம்!" என்று நல்ல செய்தி மாதிரி ஒரு நாள் சொன்னாள். அன்று இரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், பயிற்சியை அவரால் நிறுத்தவும் முடியவில்லை. அவள் வராத நாட்களில் வீடு ஊமையாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்வாள். "நல்லா இருக்கேம்மா" என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். அதனால் பாட்டிலைத் தூக்குவார். "ஒண்ணு சார், ரெண்டு சார், சூப்பர் சார்" என்று அவளைப் போலவே வாய்விட்டு எண்ணுவார். ஒரு மாதத்தில் பாட்டில் போய்த் தண்ணீர் கேன் வந்தது. துணைக்காகச் செய்யச் செய்ய உடம்பில் பலம் ஏறிற்று. பலம் ஏற ஏற, துணை போய்விடும் நாளும் நெருங்கிற்று.

அன்று வெள்ளிக்கிழமை. பொத்தான்களைப் போட்டுவிட்டாள். பயிற்சிகள் முடிந்தன. கருவியைக் கையில் கொடுத்தாள். மூன்று தடவை அழுத்தினார். அவள் எழுதாமல் பேனாவை மூடினாள்.

"மூணு தடவையும் பதினாலு சார்."

"கை அவ்வளவுதாம்மா வருது."

"போன வாரமும் மூணும் பதினாலு. அதுக்கு முந்தின வாரமும் அதேதான். நிஜமாவே முடியாத கைன்னா முதல்ல பதினாறு காட்டும், அப்புறம் பதினாலு, அப்புறம் பன்னெண்டுக்கு இறங்கிரும். களைச்சுப் போகுமில்ல?"

குட்டு வெளிப்பட்டுவிட்டது. முள் ஆடினால் பொறுக்காத மனிதர். பொய்யைக்கூட ஒரே அளவில் நிறுத்திவைத்திருந்தார். ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்து அழுத்தவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"எனக்கும் இங்க வரப் பிடிக்கும் சார். ஆனா பக்கத்துத் தெருவுல ஒரு அம்மா ரெண்டு மாசமா இந்த நேரத்துக்காகக் காத்திருக்காங்க. படுக்கையில புரண்டு படுக்கக்கூட அவங்களுக்கு வரல."

அவர் தரையைப் பார்த்தார். மேடைக்கு வெளியே ஒரு சக்கரத்தை நிறுத்திவிட்டுப் பீடி பற்றவைத்த முகங்களெல்லாம் வரிசையாக வந்து போயின.

"அவங்களோட யாரு இருக்காங்கம்மா?"

"தங்கச்சி காலையில வந்து சமைச்சு வெச்சுட்டுப் போவாங்க. அவ்வளவுதான்."

அவர் நிமிர்ந்தார். பிறகு, "அதைக் குடும்மா" என்று கருவிக்குக் கை நீட்டினார்.

இந்த முறை எதையும் பிடித்துவைக்கவில்லை. முள் பதினான்கைத் தாண்டிப் போனது. இருபத்து மூன்று. அடுத்தது இருபத்தொன்று. மூன்றாவதற்குப் பல்லைக் கடித்தார், தோள் நடுங்கியது. இருபது. எடை மேடை வழக்கம் விடவில்லை, மூன்றையும் அவரே வாய்விட்டுச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள்.

பையை மூடி எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். தன் இரண்டு விரல்களை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"பிடிங்க சார்."

பிடித்தார். இருந்த பலம் அத்தனையும் போட்டுப் பிடித்தார். அவளுக்கு வலித்திருக்க வேண்டும். ஆனாலும் சிரித்தாள்.

"இப்ப விடுங்க சார்."

விரல்கள் ஏமாற்றாதா என்று ஒரு கணம் ஆசைப்பட்டார். பழைய மாதிரி மடங்கியே நின்றுவிட்டால் அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கத்தானே வேண்டும். ஆனால் சுண்டு விரல் முதலில் திறந்தது. அடுத்து அதன் பக்கத்து விரல். அவள் கற்றுக்கொடுத்த வரிசை மாறாமல் மற்றவையும் திறந்துகொண்டன.

படிகளில் அவள் செருப்புச் சத்தம் இறங்கிப் போய்த் தெருச் சத்தத்தோடு கலந்தது. அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. மடியில் வலது கை, யாரோ விரித்து வைத்துவிட்டுப் போனது போல, முழுசாகத் திறந்து கிடந்தது.