ரோஷக்காரப் பாலம்

ஆற்றுப் பாலம், தன்னைப் பற்றிய பொய்யைப் பரப்பியவர்களை அக்கரை சேர்ப்பதை ஒரு திங்கட்கிழமை காலையிலிருந்து நிறுத்திவிட்டது. மற்றவர்கள் வழக்கம்போல் போய் வந்துகொண்டிருந்தார்கள். அன்றைய முதல் பேருந்தில் ஏறியவர்களில் பாதிப் பேர் அக்கரையில் இறங்கினார்கள். மீதிப் பேர், பேருந்து பாலத்தின் நடுவைத் தாண்டியதும், இக்கரையில் முதல் விளக்குக் கம்பத்தடியில் மடியில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை, டப்பாவிலிருந்த சாப்பாடுகூடச் சிந்தவில்லை. நடத்துநர் காலி இருக்கைகளைப் பார்த்துவிட்டு, டிக்கெட் கிழித்தது கிழித்ததுதான், நடுவழியில் காணாமல் போனவர்களுக்குக் காசு திருப்பித் தரும் வழக்கம் நிர்வாகத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார். நடந்து போனவர்களுக்கும் அதே கதி. நடு வரை நன்றாகப் போவார்கள், அடுத்த அடி எடுத்து வைத்தால் விளக்குக் கம்பம். சைக்கிளில் வேகமாகப் போனவர் வேகமாகவே திரும்பி வந்து கம்பத்தில் மோதிக்கொண்டார்.

எங்கள் பாலம் ஏன் இப்படிச் செய்தது என்று புரிய, அதைக் கட்டியவரைத் தெரிந்திருக்க வேண்டும். ஊரில் அவரைப் பாலத்தம்மா என்றுதான் சொல்வோம். பொறியாளர், எங்கள் ஊர்ப் பெண். ஆஸ்பத்திரி, கல்லூரி, நீதிமன்றம் என்று உருப்படியான எல்லாம் அக்கரையில் இருக்க, மழைக்காலத்தில் படகு வராமல் துறையிலேயே பிள்ளை பெற்றவர்களைப் பார்த்து வளர்ந்தவர். இந்த மண்ணில் தூண் நிற்காது என்று வெளியூர் நிபுணர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன இடத்தில், ஏழு வருஷம், இரண்டு வெள்ளம், மூன்று மேலதிகாரிகளைச் சமாளித்து அவர் தூண் நிறுத்தினார். கான்கிரீட் போடும் நாட்களில் வீட்டுக்கே போகமாட்டார். பாரம் ஏற்றிய லாரிகளைப் பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திச் சோதித்த அன்று, அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழு செய்தித்தாளையும் படித்து முடித்தார். அந்த ரோஷம் முழுக்கப் பாலத்துக்கும் வந்துவிட்டது என்று கம்பி கட்டிய மேஸ்திரி அப்போதே சொல்வார். பெற்றவள் குணம் பிள்ளைக்கு வருவதில் என்ன ஆச்சரியம் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

பொய் வந்தது பாலத்துக்குப் பதினோரு வயதானபோது. டயர் கடைக்கு மேல் ஒற்றை அறையில் செய்திச் சேனல் நடத்திக்கொண்டிருந்த ஒருவர், ஊரில் அவருக்குப் பெயர் பிரேக்கிங், எங்கோ ஒரு தேசத்தில் விரிசல் விட்டுக் கிடந்த தூணின் படத்தை எடுத்து, எங்கள் பாலம் என்று சொல்லி, பின்னால் இடி முழக்கம் போட்டு ஒரு வீடியோ வெளியிட்டார். பாலத்தம்மா சிமெண்டில் பாதியை விற்று மாடி வீடு கட்டிக்கொண்டார் என்பது அதன் சாரம். காலையில் வந்தது, மதியத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. அவர் வீட்டுக்கு மாடியே கிடையாது. வேலை மெனக்கெட்டு நேரில் போய் அண்ணாந்து பார்த்தவர்கள், அடேயப்பா, எவ்வளவு சாமர்த்தியமாக மறைத்திருக்கிறார் என்று வியந்துகொண்டே திரும்பினார்கள். தொலைக்காட்சி விவாதங்களில் ஆற்றையே பார்க்காதவர்கள் ஆற்று மண்ணைப் பற்றி அடித்துக்கொண்டார்கள். ஒரு பல் மருத்துவர் சிமெண்ட் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார். இடிக்க வேண்டும் என்று ஒரு கட்சி, இடிப்பதிலும் ஊழல் நடக்கும் என்று இன்னொரு கட்சி. விரிசல் எந்தத் தூணில் என்று கேட்கத்தான் ஆள் இல்லை. அந்த மூன்று வாரமும் பாலம் தன் மேல் போனவர்களை எல்லாம் முகம் சுளிக்காமல் சுமந்தது. அதன் பொறுமைக்கும் ஓர் அளவு இருந்தது, அது ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது.

என்ன செய்தால் பாலம் விடும் என்பதைக் கண்டுபிடித்தவர் தையல்காரர். வீடியோவைப் பகிர்ந்த அதே குழுக்களில் எல்லோரும் மன்னிப்புச் செய்தி போட்டுப் பார்த்தார்கள், கும்பிடும் கை பொம்மைகள் போட்டுப் பார்த்தார்கள், பாலம் சட்டை செய்யவில்லை. தையல்காரர் மட்டும் வெட்கம் தாங்காமல், கழுத்தில் அளவு நாடாவோடு, தான் அனுப்பிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் நடந்து போய்க் கதவைத் தட்டி, "நான் உனக்கு அனுப்பினது பொய்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தார். விரலால் தட்டி அனுப்பியதைத் திரும்ப எடுக்க அவருக்கு இரண்டு நாள் பிடித்தது, ஒரு ஜோடி செருப்பும் போயிற்று. மூன்றாம் நாள் பாலம் அவரை ஒன்றும் சொல்லாமல் அக்கரையில் கொண்டுபோய் விட்டது. அதிலிருந்து ஊரே நடக்க ஆரம்பித்தது. இன்றுவரை எங்கள் ஊரில் இதற்குத் திரும்ப நடப்பது என்றுதான் பெயர். திரும்ப நடக்கணும், லீவு வேணும் என்று கேட்டால் எந்த முதலாளியும் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறார், முக்கால்வாசி நேரம் அவரும் கூடவே கிளம்புகிறார்.

பாலத்தம்மா இதையெல்லாம் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்துதான் இருந்தது, சிரிப்பும் கொஞ்சம் இருந்தது. அடுத்த வார வியாழக்கிழமை காலை, அக்கரையில் வாழ்க்கைப்பட்ட அவருடைய ஒரே மகளுக்கு வலி எடுத்து, அங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தலைப் பிரசவம், அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மகள் பிடிவாதமாகச் சொல்லியிருந்தாள். பாலத்தம்மாவும் கணவரும் கிளம்பினார்கள். கணவர் வைத்திருந்தது பட்டன் போன், பேச மட்டும்தான் ஆகும், அவர் நேராக அக்கரை போய்விட்டார். திரும்பிப் பார்த்தால் மனைவியைக் காணோம். பாலத்தம்மா இக்கரையில், விளக்குக் கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

மறுபடி நடந்தார், மறுபடி கம்பம். மூன்றாம் முறை போய் வந்தபோது கூட்டம் கூடிவிட்டது. "கட்டினவங்களையே விடலையே, அப்ப விஷயம் உண்மைதான் போல" என்று யாரோ சொல்ல, பிரேக்கிங் அதை அங்கேயே நேரலையில் போட்டுவிட்டார். தலைமை அலுவலகத்துக்கு அது போதுமானதாக இருந்தது. கட்டியவரையே கடக்க விடாத பாலத்தை மாலை ஐந்து மணியோடு மூடிவிட வேண்டும், விசாரணையில் தேவைப்பட்டால் இடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. தடுப்புக் கட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஓர் அதிகாரி வந்து நின்றார்.

பாலத்தம்மா போனை எடுத்துப் பார்த்தார். விஷயம் அதிலேயே இருந்தது. வீடியோ வந்த அன்று, ஆத்திரம் தாங்காமல், 'உன் அம்மாவை என்ன சொல்றாங்க பாரு' என்று எழுதி அதை மகளுக்கு அனுப்பியிருந்தார். மகளுக்கு மட்டும்தான். மகள் அவரைவிட ஆத்திரத்தோடு தன் தோழிகளுக்கு அனுப்பினாள், அவர்கள் மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். போகப் போக ஆத்திரம் உதிர்ந்துவிட்டது, வீடியோ மட்டும் ஊர் சுற்றியது. கோபத்தில் அனுப்பினாலும் அனுப்பியது அனுப்பியதுதான் என்பது பாலத்தின் நியாயம். கட்டியவர் என்று அது சலுகை காட்டவில்லை. அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் அந்த அழுகைக்கு நடுவிலும், "நான் கட்டினது, ஆள் பார்த்து வளையாது" என்று மேஸ்திரியிடம் சொன்னபோது குரலில் இருந்தது பெருமைதான்.

சிக்கல் என்னவென்றால், நேரில் போய்ச் சொல்ல வேண்டிய ஒரே ஆள் அக்கரையில் பிரசவ அறையில் இருந்தாள். பழைய படகுக்காரர் ஒருவர், படகு இன்னும் இருக்கிறது, ஏறுங்கம்மா, கால் மணியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். பாலத்தம்மா ஒரு நிமிஷம் ஆற்றைப் பார்த்தார், ஆஸ்பத்திரியைப் பார்த்தார்.

"வேண்டாம்ப்பா. நானே படகுல போனா அந்த வீடியோ நிஜம்னு ஆயிடும். அப்புறம் இதை இடிச்சிடுவாங்க. நாளைக்கு இன்னொருத்தி பொண்ணு துறையில கிடக்கணுமா?"

பெற்ற மகளா, கட்டிய பாலமா என்று அவர் மனம் கிடந்து அடித்துக்கொண்டது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

சுலபமான வழி ஒன்று இருப்பதாக முதலில் தோன்றியது. கணவர் தடையில்லாமல் போய் வருகிறவர், அவர் வாயிலாகச் சொல்லி அனுப்பலாம். நான் உனக்கு அனுப்பினது பொய், பாலம் நல்லா இருக்கு, இதை மட்டும் சொல்லுங்க என்று அனுப்பினார். மனுஷர் போனார், சொன்னார், வந்தார். பாலத்தம்மா நடந்தார், கம்பத்தடிக்கே வந்தார். என்ன சொன்னீர்கள் என்று துருவிக் கேட்டதில், "நீ சொன்னதைத்தான் சொன்னேன். கூட, இன்னும் நூறு வருஷத்துக்கு நிக்கும்னும் சொன்னேன். நல்லதுதானே?" என்றார். நல்லதுதான், ஆனால் அவர் சொல்லச் சொன்னது அதுவல்ல. மகிழ்ச்சியில் நாலு வார்த்தை சேர்ப்பதைப் பாலம் ஏற்கவில்லை.

யோசனை சொன்னவர் மேஸ்திரி. "இது ஒரு ஆள் தூக்கிட்டுப் போற சரக்கு இல்லம்மா. அந்தப் பொய் கை மாறிக் கை மாறித்தானே போச்சு? இதுவும் அப்படியே போகட்டும். வாய் மாறி வாய் மாறி." சொல்லி முடிப்பதற்குள் ஆட்கள் பாலத்தில் ஏற ஆரம்பித்துவிட்டார்கள். பொய் அனுப்பாதவர்களும் திரும்ப நடந்து முடித்தவர்களும் நடுவைத் தாண்டி அக்கரை வரை நின்றார்கள், இன்னும் முடிக்காதவர்கள் இந்தப் பாதியில் நின்றார்கள். கைகோர்க்கும் தூரத்தில் ஒருவர், தையல்காரர், நடத்துநர், கம்பத்தில் மோதிய சைக்கிள்காரர், பள்ளிக்கூடத்து ஆயா, அந்தப் பல் மருத்துவர் என்று நின்ற வரிசை ஆஸ்பத்திரிப் படிக்கட்டு ஏறிப் பிரசவ அறை வாசலில் ஒரு செவிலியர் வரை போனது. மேஸ்திரி வரிசை நெடுக நடந்து ஒரே ஒரு கட்டளை போட்டார். நான் என்று வந்தால் நான் என்றே சொல்ல வேண்டும். அவங்க சொன்னாங்க, இவங்க சொன்னாங்க என்ற பேச்சே கூடாது.

எல்லாம் சரியாக இருந்தது, பாலத்தம்மாவுக்கு அடுத்த இடம் மட்டும் காலியாக இருந்தது. பாலத்தம்மா நின்றது விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில், முதல் ஆளாக. இரண்டாவது ஆளுக்கு ஊரில் மிச்சம் இருந்தவர் பிரேக்கிங் ஒருவர்தான். அவர் போனை நீட்டியபடி நேரலை செய்துகொண்டிருந்தார். யாரும் அவரை அழைக்கவில்லை, திட்டவும் இல்லை. பாலத்தம்மா அந்தக் காலி இடத்தையும் அவரையும் பார்த்தார், அவ்வளவுதான். பிரேக்கிங் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"நான் உனக்கு அனுப்பினது பொய். பாலம் நல்லா இருக்கு" என்று பாலத்தம்மா அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

இடி முழக்கம் இல்லாமல் ஒரு வாக்கியம் பேசிப் பழக்கமில்லாதவர் பிரேக்கிங். பக்கத்தில் நின்ற சைக்கிள்காரர் பக்கம் திரும்பினார். "நான் உனக்கு அனுப்பினது பொய்" என்றபோது குரல் இரண்டாக உடைந்தது. நிறுத்தி, மூச்சு வாங்கி, "பாலம் நல்லா இருக்கு" என்று முடித்தார். ஒரு சொல் கூட்டவில்லை. சைக்கிள்காரர் அதைப் பல் மருத்துவருக்குச் சொன்னார், பல் மருத்துவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு ஆயாவுக்குச் சொன்னார். இந்தப் பாதியில் நின்ற ஒவ்வொருவருக்கும் அது சொந்த வாக்கியமாகவும் இருந்ததால் யாருக்கும் அதை மாற்றத் தோன்றவில்லை. அந்தப் பாதியில் நின்றவர்கள் மேஸ்திரியின் கட்டளைப்படி வந்ததை வந்தபடியே சொன்னார்கள். நடுவைத் தாண்டி, தையல்காரரைத் தாண்டி, படிக்கட்டு ஏறி, செவிலியர் வாயிலிருந்து மகள் காதில் அது விழுந்தபோது, பாலத்தம்மா சொன்னது எப்படியோ அப்படியே இருந்தது. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, "தெரியும். அம்மாவை வரச் சொல்லுங்க" என்றாளாம்.

பாலத்தம்மா நடந்தார். நடுப்பகுதி வந்ததும் நாங்கள் எல்லோரும் ஒருமுறை விளக்குக் கம்பத்தடியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டோம். அவர் காலை எடுத்து வைத்தார், கால் அந்தப் பாதியில் பதிந்தது. பாரமான லாரி போனால் அதிர்வதுபோல் பாலம் ஒருமுறை லேசாக அதிர்ந்து அடங்கியது. இன்னும் பத்தடி அவர் நிமிர்ந்து, அதிகாரி பார்க்கும்படி நிதானமாக நடந்தார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இறக்கிய தடுப்புக் கட்டைகளை மறுபடி லாரியில் ஏற்றச் சொன்னார்.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை, வரிசை அப்படியே நின்றது. ஒரு மணி நேரம் கழித்துச் செவிலியர் வெளியே வந்து, பெண் குழந்தை, இரண்டு கிலோ எண்ணூறு, தாயும் பிள்ளையும் நலம் என்று வாசலில் நின்றவரிடம் சொன்னார். அது படியிறங்கி, பாலம் ஏறி, வாய் மாறி வாய் மாறி இக்கரைக்கு வந்தது. கடைசியில் பிரேக்கிங் அதைக் வரிசையை விட்டுப் போக மனமில்லாமல் கம்பத்தடியிலேயே காத்திருந்த பாலத்தம்மாவின் கணவரிடம், இப்போது தாத்தாவானவரிடம், சொன்னபோது, பெண் குழந்தை பெண் குழந்தையாகவே இருந்தது, அத்தனை வாய் கடந்தும் எடையில் ஐம்பது கிராம்கூட ஏறியிருக்கவில்லை.