அடியில் ஒரு எஃப் ஷார்ப்

ஞாயிறு காலை சுலக்ஷனாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்கு முதல்நாள் தன்னாமுனையில் ஒரு கல்யாணம். எங்கள் இசைக்குழுதான் பாட்டு. அவள் பாடகி, நான் கிற்றார். அவள் வீடு நகரத்தில், என் வீடு கல்லடியில், நடுவில் பாலம். மனதில் கிடப்பதை வாயால் சொல்ல எனக்குத் தைரியமில்லை. பாட்டாக எழுதிக் கொடுத்தேன். அதுவும் அவளுக்கு விளங்காவிட்டால் என் கதை முடிந்தது.

"பாலத்துக்கு அங்கால நீ, இங்கால நான், என்ன செய்வேன்" என்ற வரியில் பாட்டு உருகவேண்டும். உருகினால்தானே! ஜீ கோட்டிலிருந்து டீ கோட்டுக்குப் பாய்ந்து, அங்கிருந்து ஈ மைனருக்குத் துள்ளித் தொலைத்தது. ஒரு கிழமை மண்டையை உடைத்தபிறகுதான் பிடிபட்டது. மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிப்பதுதான் கோட். டீ கோட்டின் மூன்று சுரங்களும் அப்படியே இருக்கட்டும். ஆனால் அடியில் டீக்குப் பதிலாக எஃப் ஷார்ப்பை வைத்தால், கீழ்ச்சுரம் ஜீ, எஃப் ஷார்ப், ஈ என்று படிப்படியாக இறங்கும். ஒரே மோட்டார் சைக்கிளில் மூன்று பேர். ஓட்டுகிறவனை மட்டும் மாற்றுகிறேன், அவ்வளவுதான். தனியே வாசித்தபோது எனக்கே கண் கலங்கியது.

ஆனால் பேஸ் கிற்றார் வாசிக்கும் அல்பேட் இருக்கிறானே! நான் எஃப் ஷார்ப்பை அடியில் வைத்தால், அவன் அதற்கும் அடியில் டும்மென்று டீயைப் போடுவான். என் ஒரு கிழமைத் தவம் அதோடு நாசம்.

"அந்த இடத்தில எஃப் ஷார்ப் வாசிடா."

"டீ கோட்டுக்கு டீதானே மனே? உனக்கென்ன லூசா?"

"கோட் அதுதான்டா. அடிதான் வேற."

"சரி சரி, மேடையில ஞாபகப்படுத்து, மாத்துறன்."

மேடையில் முதல் சுற்றிலேயே டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டாம் சுற்றில் அந்த வரி நெருங்க, "அடிய மாத்துடா! அடிய மாத்து!" என்று கத்திவிட்டேன்.

டிரம்ஸ் அடிக்கும் ரதீசுக்கு அடி என்றால் தாளம். பாவி, பைலா ஆட்டத் தாளத்துக்குத் தாவிவிட்டான்! சனம் கதிரையைத் தள்ளிவிட்டு ஆட எழும்பியது. மாப்பிள்ளையின் மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். என் சோகப் பாட்டு! அல்பேட் மட்டும் அசையாமல் டீயிலேயே நின்றான்.

சுலக்ஷனா திரும்பி என்னைப் பார்த்தாள். பாடுகிறவளுக்கு அடி என்றால் பாட்டின் வரி. மாற்றச் சொன்னால் அவள் மாற்றத்தானே வேண்டும்? என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பாடினாள்:

"பாலந்தான் கிடக்கே, அவங்க வர முன்னம் அம்மாவக் கூட்டிட்டு வா."

என் கை நின்றுவிட்டது. அல்பேட் பக்கத்தில் வந்து, "இப்ப எஃப் ஷார்ப்பா மனே?" என்றான்.

"ஐயோ அல்பேட், நீ உன்ட டீயையே அடிடா!"