பேர் வெட்டியவள் கட்டிய வீடு

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேடு சரிந்தபோது, ஆண்டவர் கிருபையால் உயிர்ச்சேதம் இல்லை. பெற்றீசியாவின் ஒற்றை அறைக் காம்பராவில் பின்சுவர் கை நுழையும் அளவுக்குப் பிளந்தது. அவளுடைய அப்பா அன்டன் சீனி வருத்தம் என்கிற நீரிழிவில் ஒரு காலை இழந்தவர். அந்தப் பிளவை ஒட்டித்தான் அவர் கட்டில் கிடந்தது. தள்ளிப் போட இடமில்லை.

மேல் லயத்தாருக்குப் புது வீடு கட்டிக் கொடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும், தோட்டத்துப் பள்ளிக்கூட ஜெயந்தினி டீச்சர் மாதா கோயில் மண்டபத்தில் ஆட்களைக் கூட்டினார்.

"வெளியாளுங்க வந்து கட்டிட்டுப் போவாங்க, நம்ம புள்ளைங்க வேல தேடிக் கொழும்புக்கு ஓடணுமா? நம்ம வீட்ட நம்மளே கட்டுவோம். மரத்த வெட்ட வேணாம். சூளையில சுடாத மண்கல்லு போதும். கூரத் தண்ணியத் தொட்டியில புடிப்போம். சரிவு நின்னாத்தான் நாம நிப்போம்."

மாதக்கணக்கில் மனுக் கொடுத்தார்கள், வாசல்களில் காத்துக் கிடந்தார்கள். கடைசியில் வீடு கட்டும் கொந்தராத்துக்காரர் இறங்கி வந்தார். பயிற்சி பெற்ற தோட்டத்துப் பிள்ளைகள் சிலரை வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்.

பெற்றீசியா கொழுந்தெடுத்துக்கொண்டே, ஞாயிறு பூசை முடிந்து கொட்டகலைக்குப் போய் மேசன் பயிற்சி முடித்தவள். அவளிடம் வேலையை மேற்பார்க்கும் தோட்டத்துக் கண்டாக்கு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "கொழுந்தும் எடுத்துக்கிட்டு கல்லும் அடுக்க முடியாது. ஒண்ணு இங்க, இல்லாட்டி அங்க."

"பேர வெட்டிட்டு வா பெற்றீசியா. ஒன் கையில தொழில் இருக்கு" என்றார் டீச்சர்.

பேர் வெட்டுவது என்றால் தோட்டப் பதிவிலிருந்து விலகுவது. அப்பா வேலையிலிருந்து நின்றுவிட்டவர். அந்த வீட்டில் பதிவிலிருந்த ஒரே பேர் அவளுடையது. அதை டீச்சரும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்காமல் பேரை வெட்டிவிட்டாள். நல்ல காரியத்தில் இறங்கும் அவசரத்தில் மனிதருக்கு இப்படி ஆகிவிடுகிறது.

கட்டுமிடத்தில் தலைமை மேசன் மேர்வின். கொத்து வேலை தெரிந்தவர்களை அங்கே 'பாஸ்' என்பார்கள். முதல் நாளே மேர்வின் பாஸ் கேட்டார்:

"கொழுந்து கிள்ளுன வெரலுக்கு மேசன் கரண்டி தாங்குமா தங்கச்சி?"

"தாங்காட்டி ஒங்க கையக் கடன் கேக்குறேன் அண்ணே. அது சும்மாதானே இடுப்புல கெடக்கு!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மேர்வினும் சிரித்துவிட்டு இடுப்பிலிருந்து கையை எடுத்தார். அன்றிலிருந்து அவள் 'பாஸம்மா'.

முதல் வீட்டின் சுவர் கூரை மட்டத்துக்கு வந்திருந்த சமயம், யார் யாருக்கு வீடு என்று காலைப் பெரட்டில் சொல்லப் போகிறார்கள் என்று தெரிந்தது. வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்தத் திடலில் அவளும் போய் நின்றாள். கண்டாக்கு பேர்களைச் சொல்லி முடித்தார்.

"கண்டாக்கையா, எங்க வீடு?"

"பேர் பதிஞ்ச குடும்பத்துக்குத்தான் வீடு பெற்றீசியா. ஒங்க வீட்டுல இப்ப யாரு பேரு இருக்கு?"

"அப்பா காலமெல்லாம் இங்கதானே ஒழைச்சாரு?"

"அவரு கணக்கு முடிஞ்சிருச்சேம்மா."

"அப்ப என் பேரத் திரும்பப் பதிஞ்சுக்கோங்க."

"புதுசா பதியுறத நிப்பாட்டிட்டாங்க." அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். கெட்ட மனிதரில்லை. அவளை நிமிர்ந்து பார்க்கத்தான் முடியவில்லை.

டீச்சர் அவளை நுவரெலியாவில் ஒரு பெரிய அதிகாரியிடம் கூட்டிப் போனார். அவர் உட்கார வைத்து, தேத்தண்ணீர் வரவழைத்து, எல்லாவற்றையும் கேட்டார். சட்டம் தன் கையில் இல்லையென்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். திரும்பும்போது பஸ்ஸில் டீச்சர் அழுதார்.

"நாந்தானே வெட்டச் சொன்னேன்."

"கெட்டதுக்கா சொன்னீங்க டீச்சர்? மூக்கத் தொடைங்க. படிக்கிற புள்ளைங்க யாராச்சும் பாத்தா நாளைக்கு ஒங்களுக்குப் பயப்பட மாட்டாங்க."

மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். இனி யாருடைய வீடோ என்பதற்காக ஒரு கல்லையும் ஏனோதானோவென்று வைக்கவில்லை. தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்துப் பார்த்தே சுவரை ஏற்றினாள். அவளால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

முதலில் முடிந்த வீடு மேல் லயத்து வேலாயிக்குக் கிடைத்தது. பால் காய்ச்சுமுன் கட்டிய பாஸுக்குத் துணியும் வெற்றிலையும் வைத்துக் கொடுப்பது வழக்கம். வேலாயியின் புருஷன் செல்லசாமி மேர்வினுக்கு வேட்டி கொடுத்தார். வேலாயி ஒரு சேலைத் தட்டோடு பெற்றீசியாவின் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கெதுக்குக்கா?"

"பாஸம்மா கை நீட்டி வாங்காம நான் எப்புடி அடுப்பு மூட்டுறது? வாங்கு புள்ள." வேலாயி தட்டை அவள் கையில் வைத்தாள். "நீ கட்டுனதுல நான் குடி வாரேன். எனக்குச் சோறு எறங்குமா?"

"நல்லா எறங்கும். சொவரு நேராத்தானே இருக்கு."

பால் பொங்கி வழிந்தபோது மழை பிடித்தது. வேலாயி வாசலுக்கு வந்து மேல் லயத்துப் பக்கம் பார்த்தாள்.

"அப்பாவ இங்க கொண்டாந்துரு. மழ விடுற வரைக்கும் இருக்கட்டும். அதுக்கு மேல வெச்சுக்கத் தோட்டத்துல எங்கள விட மாட்டாங்க."

செல்லசாமியும் மேர்வினும் அன்டனை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். பெற்றீசியா குடை பிடித்தாள். முன்னறையில் இறக்கி வைத்ததும், புதுச் சுண்ணாம்பு வாசனைக்கு நடுவே அவர் கூச்சத்தோடு சுற்றிலும் பார்த்தார்.

"இங்க உக்காந்தா ஒங்களுக்கு வழி மறிக்குமா ஆயி?"

"மறிச்சா சுத்திப் போறோம் மாமா. பால் குடிங்க."

பெற்றீசியா வாசலில் நின்றாள். மழை விடக் கூடாது என்று மாதாவிடம் வேண்டினாள். அடுத்த கணம் அந்த மேட்டுக்கடியில் இன்னும் வீடு முடியாமல் காத்திருக்கும் மற்றக் குடும்பங்கள் நினைவுக்கு வந்தன. சிலுவைக் குறி போட்டு அந்த வேண்டுதலைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். வேறு என்ன கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.