எட்டு சனிக்கிழமைப் பயிற்சி

பிரசவ அறை வாசலில் எண்ணெய் கொட்டியது வேறு யாருமில்லை, லிஃப்ட் மெக்கானிக்தான். புட்டியின் மூடியைச் சரியாகத் திருகாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காவலாளியிடம் பவ்யமாகக் குனிந்து பேசப் போனார். பாதி தரையில், மீதி காவலாளியின் பூட்ஸில். பதறி எழுந்த காவலாளி எழுந்த வேகத்திலேயே வழுக்கி உட்கார்ந்தார். நல்ல வேளை, நாற்காலி அங்கேயே இருந்தது.

"என்ன சார், இங்க சமையலா பண்ணப் போறீங்க?"

"சம்சாரத்துக்கு இடுப்புல தேய்க்கண்ணே. தலைப்பிரசவம். இந்த ஆஸ்பத்திரியிலதான் சொல்லிக் குடுத்தாங்க."

பொய்யில்லை. இதே கட்டிடத்தின் மாடியில் எட்டு சனிக்கிழமை வகுப்பு நடந்தது. வலி வரும்போது முதுகுத்தண்டின் அடியில் உள்ளங்கையை வைத்து எப்படி அழுத்துவது, கூடவே எப்படி மூச்சு விடுவது, எப்போது வாயை மூடிக்கொண்டு சும்மா இருப்பது என்று எல்லாம் சொல்லித் தந்தார்கள். கடைசிப் பாடத்தில்தான் அவர் தேறவில்லை. அவர் அழுத்திப் பழகியதில் வீட்டுத் தலையணைகள் கூன் விழுந்து கிடந்தன.

"புள்ள பொறக்குற வரைக்கும் பக்கத்துலயே இருங்க, அது போதும்" என்று மனைவி கேட்டிருந்தாள். சரியென்று தலையாட்டியிருந்தார். காலை ஆறு மணிக்கு அவளை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்கள். இப்போது மணி பதினொன்று.

கொட்டிய எண்ணெயைத் துடைத்த துப்புரவு அக்கா, ஈரம் காயட்டுமென்று கதவைத் திறந்து வைத்தார். அப்போதுதான் உள்ளே மனைவியின் குரலும் ஒரு நர்ஸின் அதட்டலும் காதில் விழுந்தன.

"இடுப்பு ஒடியுது சிஸ்டர்... அவர வரச் சொல்லுங்க."

"அவரு வந்து என்ன கிழிக்கப் போறாரு? உலகத்துல நீ ஒருத்திதான் பெக்குறியா? கத்துனா விட்டுட்டுப் போயிடுவோம்."

மெக்கானிக்குக்கு உடம்பெல்லாம் எரிந்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவர் தொழில். உள்ளே இருப்பவரிடம் முதலில் ஆதரவாகப் பேச்சுக் கொடுக்க வேண்டும், அதட்டவே கூடாது. நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருப்பவருக்குக் கிடைக்கிற மரியாதை, பிள்ளை பெறுகிறவளுக்குக் கிடையாதா?

ஏன் விடமாட்டீர்கள் என்று காவலாளியைக் கேட்டார். "ரூல் சார்." விசாரணை மேசையில் கேட்டார். "மேல கேக்கணும்." அந்தப் பக்கமாகப் போன டாக்டரை மறித்தார். "எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்" என்று டாக்டர் கைபேசியிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

தலைமை நர்ஸ் வெளியே வந்தார்.

"உள்ள மத்த பொம்பளைங்க இருக்காங்க சார்."

"கட்டிலுக்குக் கட்டில் திரை இருக்கே சிஸ்டர். கிளாஸ்ல நீங்கதான கூட்டிட்டுப் போய்க் காட்டுனீங்க?"

"கிருமி..."

"அங்கி போட்டுக்கத் தயார். ஆறாவது சனிக்கிழமை அதுவும் சொல்லிக் குடுத்தீங்க."

நர்ஸ் வாசலை மறித்தபடியே நின்றார். எதற்கெடுத்தாலும் ஒரு ஜோக் வைத்திருக்கும் மனிதர் இப்போது கையெடுத்துக் கும்பிட்டார்.

"சிஸ்டர், நான் கோமாளிதான். எண்ணெயக் கொட்டுனது தப்புதான். ஆனா அவ கூப்பிடுறது எனக்குக் கேக்குது. அந்த ரூல் எங்க எழுதியிருக்கு, அத மட்டும் சொல்லுங்க."

உள்ளே மறுபடி அவள் முனகினாள். நர்ஸ் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்:

"எங்கயும் எழுதல. ஒன்பது கட்டிலுக்கு நாங்க ரெண்டு பேர், வாயில அப்படித்தான் திட்டு வருது. அத யாரும் பக்கத்துல நின்னு கேக்கக் கூடாதுன்னுதான் விடுறதில்ல. உள்ள வாங்க."