லட்டு கையில்தான் கொடுக்கும்

லட்டு என் நாயின் பெயர். நான் வைத்த பெயரில்லை. இங்கே ஆந்திராவில், தடாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் இருந்த வடநாட்டு மேனேஜர் வைத்தது. அவருக்கு மாற்றல் வந்தபோது வீட்டுச் சாமான்களை என் லோடு ஆட்டோவில்தான் ஏற்றினேன். கட்டில், பீரோ, வாஷிங் மெஷின் எல்லாம் ஏறிவிட்டன, நாய் மட்டும் கேட்டருகே நின்றது. நீயே வைத்துக்கொள் என்று மேனேஜர் கைகூப்பிவிட்டார். லாப்ரடார் சாதி, மஞ்சள் நிறம். பெருமாள் பிரசாதத்தின் பெயரை நாய்க்கு வைக்கலாமா என்று என் மனைவி யமுனா ஒரு வாரம் கத்தினாள். மணி என்று மாற்றிப் பார்த்தோம். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாய் என்றால் எனக்குத் தெரிந்தது, குரைக்கும், கடிக்கும். இது இரண்டும் செய்யாது. எதையாவது கவ்விக்கொண்டு வந்து மனிதர் கையில் கொடுக்க வேண்டும், அதுதான் அதற்குப் பிழைப்பு. ஒருமுறை கோழி முட்டையைக் கீறல் விழாமல் கொண்டுவந்தது. தரையில் வைக்கவே வைக்காது. நாம் கையை நீட்டுகிறவரை எதிரே உட்கார்ந்திருக்கும்.

ஆறு மாதம் எல்லோர் கையிலும் கொடுத்தது. அதற்குப் பிறகு ரமணா கையில் மட்டும்தான்.

ரமணா எனக்கு நாலு வீடு தள்ளி. ஒன்றாய்ப் பள்ளிக்கூடம் போனோம். நான் ஒன்பதாவதோடு நிறுத்திக்கொண்டேன், அவன் டிகிரி வரை போனான். எங்கள் தெருவில் யாரும் சர்க்கார் உத்தியோகம் பார்த்ததில்லை. எங்கள் அப்பாக்கள் காலத்தில் சொந்தமாக ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. ரமணா காட்டு இலாகாவில் பீட் ஆபீசர் வேலைக்கு எழுதினான், தேறினான். அடுத்தது நடைத் தேர்வு. நாலு மணி நேரத்தில் இருபத்தைந்து கிலோமீட்டர். அவனுக்கு அப்போது முப்பத்து நாலு முடிந்திருந்தது. இதை விட்டால் அடுத்த அறிவிப்பு வருவதற்குள் வயது தாண்டிவிடும். அவன் அம்மா பாப்பாத்திக்குக்கூட இந்தக் கணக்கு அத்துப்படி.

தினம் விடியும்போது ஏரிக்கரையில் நடப்பான். துணைக்கு லட்டுவைக் கேட்டான், கொடுத்தேன். கரைக் கோடிக்குப் போனதும் தன் செருப்பில் ஒன்றைக் கழற்றித் தண்ணீரில் வீசுவான். லட்டு நீந்திப் போய்க் கவ்விக்கொண்டு வந்து அவன் முன்னால் உட்காரும். அவன் உள்ளங்கையை விரித்து "தா" என்பான். அதன் பிறகுதான் வாய் திறக்கும். மூன்று மாதம் இப்படி நடந்தார்கள். நடைத் தேர்வு அன்று அவனை பைக்கில் திருப்பதிக்குக் கூட்டிப்போய், குளுக்கோஸ் தண்ணீரோடு வழியில் நின்றது நான்தான். மூன்றாவதாக வந்து சேர்ந்தான். முடிகிற இடத்தில் நேரம் குறித்துக்கொண்டிருந்த இளம் அதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார். இனி லிஸ்ட் வர வேண்டியதுதான் பாக்கி.

இந்த இடத்தில் நாகபூஷணம் வருகிறார். நாகண்ணா என்போம். தெலுங்குக்காரர், வேர்க்கடலைக் காட்டில் பன்றி விரட்ட ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். டிசம்பரில் எங்கள் ஏரிக்குக் கிளுவை என்கிற சின்ன வாத்துகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். நாகண்ணா சுடுவார், ஆனால் சுட்டது பாதிக்கு மேல் கோரைக்குள் விழுந்து வீணாகும். லட்டு தண்ணீரில் செருப்பு எடுப்பதைப் பார்த்தவர் என்னிடம் வந்து உட்கார்ந்தார். கிளுவைக் கறி என்றால் எனக்கு நாக்கு அடங்காது. ஒப்புக்கொண்டேன்.

முதல் நாள் ரமணாவுக்குத் தெரியாமல் போனோம். சுட்டதும் லட்டு பாய்ந்தது. கிளுவையைக் கவ்வியது, எங்களைப் பார்த்தது, அப்படியே எதிர்க்கரைக்கு நீந்திப் போய்விட்டது. நாங்கள் தேடாத இடமில்லை. அது என்ன செய்ததென்றால், ஈரம் சொட்டச் சொட்டத் தெரு நடுவே நடந்துபோய் ரமணா வீட்டு வாசலில், பறவை வாயில் இருக்க, உட்கார்ந்துகொண்டது. பாப்பாத்தி துடைப்பத்தால் அடித்தும் நகரவில்லை. ரமணா வெளியே வந்து கையை நீட்டி வாங்கினான். கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தான்.

அன்று என் மேல் அவனுக்கு வந்த கோபம் நியாயமானது. தேர்வுக்குப் படித்த சட்டமெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஒன்பதாவது பிரிவு என்ன சொல்கிறது, எந்தப் பறவைக்கு எத்தனை வருஷம் என்று ஒப்பித்துவிட்டு, லிஸ்ட் வருகிற வரைக்கும் இந்தப் பக்கம் வராதே என்றான். நான் சிரித்து மழுப்பினேன்.

சங்கராந்தி நெருங்கியது. நாகண்ணா தன் மகளைச் சித்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார். மருமகனுக்குத் தலைச் சங்கராந்தி. புது மாப்பிள்ளைக்கு மூன்று நாளும் இலை நிறைய வைக்காவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. நாகண்ணா ஒரு படி மேலே போய், பெரிய வாத்துக் கறி போடுகிறேன் என்று போனில் வாய் விட்டுவிட்டார். அந்த வருஷம் ஏரியில் கிளுவைகளோடு தலையில் இரண்டு கறுப்புப் பட்டை போட்ட பெரிய வாத்துகளும் ஏழெட்டு இறங்கியிருந்தன. இமயமலையைத் தாண்டி வருகிற சாதி என்று ரமணாதான் சொல்லியிருந்தான். மலையைத் தாண்டி வந்தது, மருமகன் இலையைத் தாண்டுமா என்று நான் ஜோக் அடித்தேன். இப்போது நினைத்தால் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ரமணா இல்லாமல் லட்டு கொடுக்காது. அதனால் ரமணா வேண்டும். மூன்று நாள் அவன் பின்னாலேயே திரிந்தேன். துப்பாக்கியைத் தொட வேண்டாம், பறவையைத் தொட வேண்டாம், எப்போதும் போல் கரையில் நட, நாய் கொண்டுவந்தால் வாங்கி என்னிடம் போடு, அவ்வளவுதான் என்றேன். போகியன்று விடியலில் ஊரே மேளம் அடித்துப் பழையதைக் கொளுத்தும், பட்டாசும் வெடிக்கும், அதில் வேட்டுச் சத்தம் யாருக்குக் கேட்கும் என்றேன். பண்டிகை நாளில் காட்டு இலாகாக்காரன் வீட்டில்தான் இருப்பான் என்றேன். எதற்கும் மசியவில்லை. கடைசியில் அந்த குளுக்கோஸ் தண்ணீரை எடுத்தேன்.

"உனக்காக நான் வெயில்ல நாலு மணி நேரம் நின்னுக்கினு இருந்தேன்டா. எனக்காக நீ ஒரு மணி நேரம் நிக்க மாட்டியா?"

ரமணா "இந்த ஒரு தபாதான்" என்றான்.

போகி விடிந்தது. பனியும் புகையுமாக ஏரி பாதிதான் தெரிந்தது. ஊரில் மேளம் கேட்டது. நாகண்ணா கோரைக்குள் குந்தினார். முதலில் கிளுவைக் கூட்டத்தில் சுட்டார், நாலு விழுந்தன. லட்டு ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தது. ரமணா "தா, தா" என்று வாங்கி என் பக்கம் போட்டான், நான் சாக்கில் போட்டேன். அவன் முகத்திலும் ஒரு சந்தோஷம் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். அந்த நாய் வேலை செய்வதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

கலைந்து பறந்த பெரிய வாத்துகள் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப வந்தன. நாகண்ணா மறுபடி சுட்டார். ஒன்றுக்கு இறக்கையில் பட்டது. சாய்ந்து சாய்ந்து போய் ஏரி நடுவில் விழுந்தது. உயிரோடு இருந்தது, நீந்தியது. லட்டு அதன் பின்னால் போய்ப் புகைக்குள் மறைந்தது.

அந்தச் சமயத்தில்தான் கரை மேல் ஆட்கள் வந்தார்கள். நாலு பேர், காக்கி. சங்கராந்திக்குக் கறி தேடி ஏரிக்கு வருவார்கள் என்பது எங்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைத்திருந்தோம். அவர்களுக்கு அது வருஷா வருஷம் தெரிந்த விஷயம். ஜீப்பைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறார்கள். நாகண்ணா துப்பாக்கியைக் கோரைக்குள் செருகியது கண்ணுக்கு எதிரே நடந்தது. சாக்கு என் காலடியில் கிடந்தது.

முன்னால் வந்த அதிகாரியின் சட்டையில் பவன்குமார் என்று பெயர் இருந்தது. என்னைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், ரமணாவைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார். நடைத் தேர்வில் நேரம் குறித்தவர் அவர்தான்.

நான் முந்திக்கொண்டேன். என் வாழ்க்கையில் உருப்படியாகப் பேசியது அந்த ஒரு முறைதான். "சார், சாக்கு என்னுது. நாய் என்னுது. துப்பாக்கி அவருது. இவன் தினம் இங்க நடக்கிறவன் சார், நடந்துக்கினு வந்தான், அவ்ளோதான்." நாகண்ணாவும் தெலுங்கில் அதையே சொன்னார். அவரிடம் எனக்கு எத்தனையோ குறை உண்டு, அன்று அவர் ஆண் பிள்ளையாக நடந்துகொண்டார்.

அதிகாரி ரமணாவிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று அவருக்கும் பயமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. கரையைக் கை காட்டி, "நுவ்வு வெள்ளு" என்றார். நீ போ என்று அர்த்தம்.

ரமணா நடந்தான். ஓடவில்லை, திரும்பவில்லை. பத்தடி, இருபதடி. போய்விடு, போய்விடு என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

புகைக்குள்ளிருந்து லட்டுவின் தலை வெளியே வந்தது. வாயில் அந்தப் பெரிய வாத்து. எங்களை நோக்கித்தான் நீந்தி வந்தது. ரமணா நின்ற இடத்தில் இல்லை என்று தெரிந்ததும் திசை மாறியது. நான் "லட்டு, இங்க வா" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன். என் நாய்தான், நான் சோறு போட்டு வளர்த்த நாய்தான். காதிலேயே வாங்கவில்லை. கரையேறி, உடம்பைக்கூட உதறாமல் ஓடி, ரமணாவின் இடது பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டது. தினம் நடப்பது மாதிரியே தலையைத் தூக்கிக்கொண்டு, அவன் காலுக்குச் சரியாகக் கால் வைத்து நடந்தது. வாத்தின் ஒரு இறக்கை தரையில் இழுபட்டது. ரமணா கைகளை மார்போடு கட்டிக்கொண்டு நேராகப் பார்த்து நடந்தான்.

கரை மேல் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்னும் ஐம்பதடி போயிருந்தால் மதகுத் திருப்பம். மற்ற மூன்று காக்கிகளும் தங்கள் அதிகாரியின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"ஆகு" என்றார் அவர், நில் என்று, மெதுவாகத்தான். ரமணா நின்றான்.

அவன் நின்றதும் லட்டு எதிரே போய் உட்கார்ந்தது. வாத்து சாகவில்லை, கழுத்து தொங்கித் தொங்கி நிமிர்ந்தது. ஒரு காக்கி போய் லட்டுவின் வாயிலிருந்து பிடுங்கப் பார்த்தார். விடவில்லை, கடிக்கவும் இல்லை. பல்லை இறுக்கினால் பறவை செத்துவிடும் என்று தெரிந்த மாதிரி தாடை நடுங்க உட்கார்ந்து ரமணாவின் கையையே பார்த்தது. இது யார் நாயோ எனக்குத் தெரியாது என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்வான் என்றுதான் நினைத்தேன்.

ரமணா கட்டியிருந்த கையைப் பிரித்தான். உள்ளங்கையை விரித்து, "தா" என்றான்.

பதினெட்டு நாள் உள்ளே இருந்துவிட்டு மூவரும் ஜாமீனில் வந்தோம். வாத்து போகியன்று மத்தியானமே ஜீப்பில் செத்துப்போனதாகக் குற்றப் பத்திரிகையில் இருந்தது. நாகண்ணாவின் மருமகன் பிராய்லர் கோழி தின்றுவிட்டு ஊர் திரும்பினான். மார்ச்சில் லிஸ்ட் வந்தது. ரமணாவின் நம்பர் அதில் இருந்தது. இல்லாமல் இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். சான்றிதழ் சரிபார்க்கப் போனவனிடம் ஒரு படிவம் கொடுத்தார்கள். உங்கள் மீது வழக்கு எதுவும் நிலுவையில் உள்ளதா என்று ஒரு கேள்வி. உண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். பாப்பாத்தி என்னைத் திட்டவில்லை. கேஸ் இருந்தாலும் எடுத்துக்கொள்கிற பரீட்சை ஏதாவது இருக்கிறதா என்று என்னிடம் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்?

அதற்குப் பிறகு ரமணா மறுபடி விடியலில் லட்டுவைக் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போக ஆரம்பித்தான். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அவன் நடக்கவில்லை. செருப்பை வீசினான். லட்டு கொண்டுவந்து உட்கார்ந்தது. அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். வெயில் ஏறுகிறவரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். நாயின் வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. என்னால் பார்க்க முடியவில்லை.

இன்னாடா செய்ற என்று கேட்டேன்.

"கீழ வைக்கக் கத்துக் குடுக்கிறேன். நீ மறுபடியும் வேட்டைக்குப் போவ. எவனாவது ஒருத்தன் கைல குடுத்து, அவனியும் இது மாட்டி வுட்டுரும்."

இனி ஜென்மத்துக்கும் போக மாட்டேன் என்று அழுதுகொண்டே சொன்னேன். உண்மையாகத்தான் அழுதேன்.

பன்னிரண்டாவது நாள் லட்டு செருப்பைச் சேற்றில் வைத்துவிட்டு விலகிப் போய்ப் படுத்துக்கொண்டது. அந்த வாரமே ரமணா சென்னைப் பக்கம் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலைக்குப் போனான். நடக்கிற வேலைதான் என்று பாப்பாத்தியிடம் சொன்னானாம். நான் போன் செய்தால் எடுப்பதில்லை.

என்னைத் திட்டுகிறவர்கள் இதையும் கேட்டுவிட்டுத் திட்டலாம். இந்த வருஷம் போகிக்கு நாகண்ணா வேறொரு துப்பாக்கியோடு வந்தார். போக மாட்டேன் என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை செருப்பை மாட்டிக்கொண்டேன். ஒரு கிளுவை விழுந்தது. லட்டு நீந்திப்போய்க் கவ்வி வந்தது. பழக்கதோஷத்தில் நான் கையை நீட்டினேன். அது என் கையைப் பார்க்கவே இல்லை. பறவையைத் தண்ணீரோரம் சேற்றில் வைத்துவிட்டு, ஊர்ப் பக்கம் நடந்து போய்விட்டது.

அன்று யாரும் வரவில்லை. நான் குனிந்து அதை எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டேன்.