லேசருக்குக் கீழே லேசரம்மா

அந்தக் கண் மருத்துவமனையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரிய டாக்டரிலிருந்து வாசலில் டோக்கன் கொடுப்பவர் வரை எல்லோருக்கும் அவள் லேசரம்மா. பார்வையைச் சரிசெய்யும் லேசர் எந்திரம் லேசாக இருமினாலும் அவளுக்குத்தான் போன் போகும். வாயு நிரப்புவது, உள்ளே இருக்கும் ஆடிகளைத் துடைத்து நேராக்குவது, ஒளியின் பலத்தை அளப்பது எல்லாம் அவள் பொறுப்பு. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு அடுத்தவர் கண்ணாடியைக் கழற்றுகிற வேலை என்று அவள் கணவன் கேலி செய்வான். அவன் பஸ் டிரைவர். தெருக்கோடியில் இருக்கும் பலகையை இந்தக் கோடியிலிருந்து படிக்கிற கண்.

அந்தக் கேலிக்கு முடிவு கட்ட ஒரு நாள் வந்தது. அவளுக்கே ஆபரேஷன். அவள் பார்த்துப் பார்த்துப் பராமரிக்கிற அதே எந்திரத்தில்.

காலையிலிருந்தே அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. "பயமா இருக்கா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டான் கணவன். மருத்துவமனை வரும்வரை அவள் வாய் மூடவில்லை.

"பயமா? அந்தப் பெட்டிக்குள்ள ஆர்கான்னு ஒரு வாயு இருக்குங்க. யாரோடயும் ஒட்டாது, உறவாடாது. மின்சாரத்தால பளார்னு ஒண்ணு விட்டா மட்டும் போய்ப் பக்கத்துல இருக்கற ஃப்ளோரின் வாயுவைக் கட்டிக்கும்."

"கட்டாயக் கல்யாணம்."

"அதேதான். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள பிரிஞ்சிடும். பிரியும்போது கக்குற வெளிச்சம் இருக்கே, நம்ம கண்ணுக்கே தெரியாத புற ஊதா, அதுதான் என் கண்ணுல விழப்போகுது."

"சண்டை போட்டுப் பிரியறவங்க வெளிச்சத்துலயா உன் கண்ணு தெளியணும்? சரி, சுடாதா?"

"சுடாதுங்க, அதுதான் அழகே! மூலக்கூறெல்லாம் கையைக் கோத்துக்கிட்டு நிக்குதுன்னு வெச்சுக்கோங்க. இந்த ஒளி அந்தக் கையைப் பட்டுனு பிரிச்சு விட்டுடும். பிரிஞ்சது தூளாப் பறந்துடும், சூட்டையும் கையோட எடுத்துக்கிட்டு. பக்கத்துத் திசுவுக்குச் சேதியே தெரியாது. ஒவ்வொரு தடவையும் எடுக்கறது, ஒரு தலைமுடியை நூத்துக்கணக்கா வகுந்தா எவ்வளவு வருமோ அவ்வளவுதான்."

"அவ்வளவு கொஞ்சமா எடுத்து என்ன ஆகும்?"

"என் கருவிழி கொஞ்சம் அதிகமா வளைஞ்சிருக்கு. வெளிச்சம் விழித்திரைக்கு முன்னாடியே குவிஞ்சுடுது. நடுவுல லேசா இழைச்சுத் தட்டையாக்கினா, திரையிலேயே போய்க் குவியும். இவ்வளவுதாங்க விஷயம்!"

அவளுடைய கைகள் காற்றில் கருவிழி வரைந்துகொண்டே இருந்தன.

மருத்துவமனையில் அவளுக்கு நீல அங்கியும் தொப்பியும் கொடுத்து வெளியறையில் உட்காரவைத்தார்கள். கணவன் நர்ஸைப் போய்க் கெஞ்சினான். "சிஸ்டர், வீட்டுல எந்நேரமும் இந்த எந்திரத்தோட புராணம்தான். ஒரு தடவை கண்ணால பார்த்துட்டு வந்துடறேனே." நர்ஸ் சிரித்துக்கொண்டே அவனுக்கும் ஓர் அங்கியை மாட்டி உள்ளே அனுப்பினாள். திரும்பி வரும்போது அவன் முகத்தில் ஒன்றும் அறியாத பிள்ளையின் களை இருந்தது.

நோயாளி படுப்பதற்கு முன்னால் எந்திரத்தைச் சோதித்தாக வேண்டும். அன்றைக்கு அந்த வேலை அவளோடு பணிபுரியும் இன்னொரு இன்ஜினியருக்கு. சட்டைப்பையில் எப்போதும் நாலு திருகாணி கிடக்கும் என்பதால் அவருக்கு ஸ்க்ரூ என்று பெயர். கட்டிலில் தலை வைக்கும் இடத்துக்கு மேல், கண் இருக்கவேண்டிய உயரத்தில், ஒரு பிளாஸ்டிக் தகட்டை வைத்து லேசரை விடுவார்கள். தகட்டில் விழும் பள்ளத்தின் ஆழம் சரியாக இருந்தால்தான் மேற்கொண்டு ஆபரேஷன்.

கதவுக்கு அந்தப் பக்கம் எந்திரம் தட்டச்சு அடிப்பது போலச் சடசடத்தது. பிறகு, நீளமாக ஒரு கூவல். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது தோல்வியின் சத்தம். மறுபடி சடசடப்பு, மறுபடி கூவல். மூன்றாவது முறை கூவியபோது அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நின்றாள்.

"நீங்க இன்னைக்குப் பேஷன்ட்," என்றார் டாக்டர். "போய் உட்காருங்க."

"வெளியில உட்கார்ந்தா நகம் மிஞ்சாது டாக்டர். என்ன ஆச்சு ஸ்க்ரூ?"

"பள்ளம் ஆழமில்ல. வாயு பழசாயிடுச்சோன்னு பார்த்தேன். ஆனா எந்திரத்துக்குள்ள இருக்கற மீட்டர் பலம் சரியா இருக்குன்னுதான் காட்டுது."

"உள்ள சரி, தகட்டுல கம்மி," அவள் முணுமுணுத்தாள். கண்கள் பளபளத்தன. "அப்போ எந்திரம் நல்லாத்தான் இருக்கு. அதோட வாய்க்கும் தகட்டுக்கும் நடுவுல யாரோ ஒளியைத் திருடறாங்க. நடுவுல என்ன இருக்கு? வெறும் காத்து..."

சொல்லிக்கொண்டே மூச்சை இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ரோஜா. கமகமவென்று ரோஜா வாசனை.

"புது ஃப்ளோர் க்ளீனர் போலிருக்கு," என்றார் ஸ்க்ரூ.

"இல்ல! சென்ட்டு! ஸ்க்ரூ, இந்த ஒளிக்கு வேலையே கார்பன் பிணைப்பை அறுக்கறதுதானே? கண்ணுல இருக்கறதும் அதுதான், சென்ட்டு ஆவியில இருக்கறதும் அதுதான். நம்ம ஒளியை வழியிலேயே மறிச்சுத் தின்னுடுது!"

அவள் குனிந்து கட்டிலை மோந்தாள். தலையணையைத் தூக்கினாள். அடியில் தங்க நிறத் தாள் சுற்றிய சின்னப் பெட்டி ஒன்று நனைந்து கிடந்தது. உள்ளே மூடி கழன்ற சென்ட் பாட்டில்.

திறந்திருந்த கதவுக்கு வெளியே அவள் கணவன் தலையில் அடித்துக்கொண்டான். "எழுந்திரிக்கும்போது உனக்கு... ஒரு ஆச்சரியமா இருக்கட்டுமேன்னு..."

"சென்ட் போட்டுட்டு வரக்கூடாதுன்னு வாசல்லயே எழுதி ஒட்டியிருக்கே!" என்று டாக்டர் குரலை உயர்த்தினார்.

"நான் போடல டாக்டர். கொண்டுதான் வந்தேன்."

நர்ஸ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. டாக்டரும் எவ்வளவு நேரம்தான் முறைப்பார்?

மெத்தை விரிப்பும் தலையணையும் வெளியே போயின. கட்டிலைத் துடைத்தார்கள். காற்றை வடிகட்டும் கருவியை முழு வேகத்தில் ஓடவிட்டார்கள். லேசரம்மா நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் அறைக்கு வெளியே நடந்தாள். பின்னாலேயே நடந்த கணவன், "கோவமா?" என்றான்.

"கோவமா! எந்தப் புத்தகத்துல படிச்சாலும் இப்படிக் கண்ணெதிர்ல பார்க்க முடியுமாங்க? ஆனா இனிமே பரிசுன்னா பூட்டு, சாவி மாதிரி வாசனையில்லாத சாமானா வாங்குங்க."

வாசனை அடியோடு போனபின் ஸ்க்ரூ புதுத் தகடு வைத்தார். சடசடப்பு. கூவல் இல்லை. டாக்டர் திருப்திப்படாமல் இன்னொரு தகடு கேட்டார். அதுவும் பழுதில்லை. "வாங்க பேஷன்ட்," என்றார்.

மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டார்கள். முதலில் இன்னொரு லேசரால் கருவிழியின் மேலடுக்கை மெல்லிய கதவாக அறுத்துத் திறந்தார்கள். திறந்ததும், பார்வையை நிலைநிறுத்த மேலே எரிந்த சிவப்பு விளக்குப் புள்ளி கரைந்து, மழையில் நனைந்த குங்குமப் பொட்டு மாதிரிப் பரந்தது.

"புள்ளியையே பாருங்க."

சடசடவென்று ஆரம்பித்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று கேட்ட சத்தம், இப்போது அவளுக்கு மேலேயே. வலி துளியும் இல்லை. முடி கருகுவது போல ஒரு வாடை வந்தது. இது கருகல் இல்லை, என் பிணைப்புகள் அறுந்து பறக்கின்றன என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சட்டென்று எந்திரம் நின்றது.

"சிரிக்காதீங்கம்மா, கண்ணு ஆடுது," டாக்டர் அதட்டினார்.

"நின்னுடுச்சா? நான் ஆடினதும் நின்னுடுச்சா டாக்டர்? கண்ணைத் துரத்துற கேமராவைப் போன வாரம்தான் சரிபண்ணேன்!"

"நின்னுடுச்சு தாயே. இப்ப அசையாதீங்க."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு புள்ளியைப் பார்த்தாள். விட்ட இடத்திலிருந்து எந்திரம் தொடர்ந்தது. இரண்டு கண்ணும் முடிந்தபோது, தான் இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருக்கலாமே என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

அன்று முழுக்கக் கண் எரிந்தது, நீர் கொட்டியது, உலகம் பாலில் மிதந்தது. மூடியே வைத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். அவளால் முடிந்தால்தானே? இமையை இத்தனூண்டு திறந்து எட்டிப் பார்ப்பாள். கணவன் "மூடு" என்பான்.

மறுநாள் காலை பரிசோதனை அறையில் டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார். மேல் வரி, நடு வரி, அடி வரி. அவள் ஒரே மூச்சில் படித்துவிட்டு நிறுத்தாமல் தொடர்ந்தாள்.

"அச்சிட்டோர், சூரியன் அச்சகம், பின்தெரு, மாடியில்..."

"என்ன படிக்கிறீங்க?"

"ஓரத்துல பொடி எழுத்துல இருக்கே டாக்டர்."

டாக்டர் தன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுந்தார். பலகைக்குப் பக்கத்தில் போய், மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தார்.

"அட, ஆமா!" என்றார்.